நகரத் தொகுதி எம்.பி.யிடம் வேலைக்குச் சேர்கிறீர்களா? டெல்லிக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி

புதிதாக ஒருவர் எம்.பி. ஆனதும் அவருடைய அலுவலகத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வந்து சேர்வார்கள். கட்சியில் இருபது வருடம் கொடி பிடித்தவர் ஒருவர். சட்டமோ பொருளாதாரமோ படித்துவிட்டு லேப்டாப்போடு வந்து நிற்பவர் இன்னொருவர். முதலாமவருக்குத் தெரு அத்துப்படி, டெல்லி புதிது. இரண்டாமவருக்கு அவை விதிகள் மனப்பாடம், வார்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. இது இருவருக்குமாக எழுதியது.

ஊரில் வாங்கிய மனுதான் டெல்லியில் கேள்வியாகிறது. டெல்லியில் வாங்கிய பதில்தான் ஊரில் அதிகாரியின் மேஜையில் வைக்க உதவுகிற காகிதமாகிறது. அந்தக் காகிதம் நடுவழியில் எங்கேயும் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: எம்.பி.க்கு மாதந்தோறும் அலுவலகச் செலவுப் படியாகத் தரப்படும் 75,000 ரூபாயில் 50,000 ரூபாய் உதவியாளர்களுக்கென்று ஒதுக்கியது. இரண்டு பேர் இருந்தால் அதற்குள் பங்கு.

முதல் வேலை: யார் பொறுப்பு எது என்று ஒரு பட்டியல்

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கோவையை எடுத்துக்கொண்டால் கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர், கவுண்டம்பாளையம், சூலூர், பல்லடம். மாநகராட்சிக்கு மட்டும் 100 வார்டுகள். அதாவது உங்கள் எம்.பி.க்குக் கீழே என்று சொல்ல முடியாது, பக்கத்தில் என்று சொல்லலாம், ஆறு எம்.எல்.ஏ.க்களும் நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குப்பை, சொத்து வரி எல்லாம் மாநகராட்சி. ரேஷன் கார்டு, பட்டா, போலீஸ், மின்சாரம் மாநில அரசு. நகரத்தில் வருகிற மனுக்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வகையில்தான் அடங்கும். 'இது எங்கள் வேலை இல்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த வார்டு உதவிப் பொறியாளரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மனு கொடுத்தவர் எதிரிலேயே ஒரு போன் போடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அதைத் தாண்டி அதில் இறங்காதீர்கள். கவுன்சிலருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வந்துவிட்டால் ஐந்து வருடத்துக்கும் அது போகாது.

எம்.பி.யின் கை நேரடியாக நீளும் இடங்கள் வேறு. ரயில்வே, விமான நிலையம், தேசிய நெடுஞ்சாலை, வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பாஸ்போர்ட், அஞ்சல், தேசியமயமான வங்கிகள், ஜி.எஸ்.டி., கேந்திரிய வித்யாலயா, பி.எஸ்.என்.எல்., ராணுவ நிலம். இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் உள்ள அலுவலகம் எது, அதன் தலைவர் பதவிப் பெயர் என்ன, அவருக்கு மேலே யார், கடைசியில் எந்த அமைச்சகம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வையுங்கள். இதில் பொடி விஷயம்தான் காலை வாரும். கோவை ஜங்ஷன் சேலம் ரயில்வே கோட்டத்தில் வருகிறது. அதே நகரத்துக்குள் இருக்கும் போத்தனூர் பாலக்காடு கோட்டம். நடைமேடைக் கூரை கேட்டுச் சேலத்துக்கு எழுதிய கடிதம் பாலக்காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

இரண்டாவது: மனு வாங்குவது

மனுவை வாங்கும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள். ஏற்கெனவே யாரிடம் மனு கொடுத்தீர்கள், அதற்கு என்ன பதில் வந்தது, அந்தப் பதிலின் எண் என்ன. பெரும்பாலானவர்கள் கதையாகச் சொல்வார்கள். கதையைக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும், ஆனால் பையைத் திறந்து காகிதத்தைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

ஒரு மாதிரி சொல்கிறேன். மில் தொழிலாளியின் மனைவி வருகிறார். கணவர் இறந்துவிட்டார், குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. பையில் இருக்கும் ஆதாரில் கணவர் பெயர் தந்தை பெயரோடு முழுதாக விரிந்து கிடக்கிறது. பி.எஃப். பதிவில் ஓர் எழுத்து முன்னெழுத்தோடு பெயர் மட்டும். வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இதற்கு அமைச்சருக்குக் கடிதம் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. பெயரைத் திருத்தக் கேட்டு மில் நிர்வாகமும் கையெழுத்துப் போட்ட கூட்டு விண்ணப்பத்தை வாங்கி, மண்டல பி.எஃப். ஆணையர் அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்க்கும் அலுவலரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மில்லை மூடிவிட்டார்கள் என்றால் இன்னும் அலைச்சல். 2014-ல் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த ஆயிரத்துக்காக அவர் எத்தனை பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இதே மாதிரி மனு அடுக்கடுக்காக வந்தால் அது தனி ஒருவரின் குறை இல்லை, அலுவலக முறையிலேயே கோளாறு என்று பொருள். அப்போதுதான் அது டெல்லிக்குப் போகிற சரக்கு. அதனால் பதிவேட்டில் மனுதாரர் பெயர், தேதி, போன் மட்டும் போட்டால் போதாது. துறை, பிரச்சினையின் வகை என்று இரண்டு கலம் கூடுதலாக இருக்க வேண்டும். கூட்டத்தொடருக்கு முன்னால் அந்தக் கலத்தை வடிகட்டினால் கேள்விகள் தாமாக வந்து விழும்.

சிபாரிசுக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. லெட்டர் பேடு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். போலீஸ் வழக்கு, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம், அரசு ஊழியர் இடமாறுதல், டெண்டர் ஆகியவற்றுக்குக் கடிதம் கிடையாது என்று முதல் நாளே எம்.பி.யிடம் பேசி முடிவெடுத்துவிடுங்கள். கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கட்சிக்காரர்களாக இருப்பார்கள், அதனால்தான் முன்கூட்டியே முடிவு வேண்டும். கேந்திரிய வித்யாலயா சேர்க்கைக்கான எம்.பி. ஒதுக்கீடு 2022-லேயே ரத்தாகிவிட்டது. இன்னமும் ஜூன் மாதம் ஆனால் அதற்கு வரிசை நிற்கும். ரயிலில் அவசர ஒதுக்கீட்டுக்கான கடிதம் தினப்படி வேலை: பி.என்.ஆர். எண்ணைச் சரிபார்த்து, நேரத்தோடு அனுப்புங்கள், கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு எழுதுகிறீர்கள் என்றால் மருத்துவமனை தந்த செலவு மதிப்பீடும், அந்த மருத்துவமனை அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதும் முக்கியம். பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், நோயாளி கையில் வராது.

நகரத்துக்கே உரிய ஒன்று உண்டு. ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு வெளியேற்ற நோட்டீஸ் வந்துவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, முதலில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். ரயில்வேயின் எஸ்டேட் அதிகாரி என்றால் 1971-ஆம் ஆண்டுப் பொது இடங்கள் வெளியேற்றச் சட்டப்படி நடக்கிறது. பதில் சொல்ல எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்பதே அப்போது முக்கியம். அந்தத் தேதிக்குள் அவர்கள் எழுத்தில் பதில் கொடுத்தாக வேண்டும், எம்.பி. கோட்ட மேலாளரிடம் பேசுவது அதற்கு அடுத்துத்தான். மாற்று வீடு கேட்டால் அது மாநில அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஆக, ஒரே ராத்திரியில் இரண்டு அரசுகளோடும் பேச வேண்டியிருக்கும்.

மூன்றாவது: டெல்லி

ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள். பட்ஜெட் தொடர் ஜனவரி கடைசியில் தொடங்கி, நடுவில் இடைவேளையோடு ஏப்ரல் வரை போகும். மழைக்காலத் தொடர் ஜூலை, ஆகஸ்ட். குளிர்காலத் தொடர் நவம்பர், டிசம்பர். பட்ஜெட் இடைவேளை என்பது விடுமுறை இல்லை, அப்போதுதான் எம்.பி.க்கள் அடங்கிய துறைவாரி நிலைக்குழுக்கள், அமைச்சகங்கள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும். அப்படி 24 நிலைக்குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறாரோ அதன் அறிக்கைகளைப் படியுங்கள். டிவி கேமரா இல்லாத அறையில் செயலாளர் அளவிலான அதிகாரியிடம் நேராகக் கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு அவையில் கிடைப்பதைவிடப் பெரியது. என் கணிப்பில், புது எம்.பி.க்கள் மிகவும் வீணடிப்பதும் அதைத்தான்.

அவையின் இணையதளத்தில் எம்.பி.க்கு உள்ள நுழைவுக் கணக்கின் கடவுச்சொல்லை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். எம்.பி.யே கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேள்விகளை நீங்கள் தயாரிக்கலாம், உள்ளே ஏற்றுவது அவர் கையால்தான் நடக்க வேண்டும். 2023 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் ஒருவர் பதவியிழந்த விவகாரத்தில் கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்ததும் ஒரு குற்றச்சாட்டு.

இனி கேள்விகள். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். ஒரு நாளைக்கு 20-தான் பட்டியலில் வரும், அதிலும் ஐந்தாறைத் தாண்டுவதற்குள் மணி 12 ஆகிவிடும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில், நாளொன்றுக்கு 230. குறைந்தது 15 முழு நாள் முன்னதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த அட்டவணை வந்த அன்றே அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நட்சத்திரக் கேள்விக்காக எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், டிவியில் முகம் தெரியும் என்பதால். தொகுதிக்குப் பிரயோஜனப்படுவது பெரும்பாலும் குறியிடாத கேள்விதான், அதில் எண்களும் தேதிகளும் அட்டவணையாகக் கைக்கு வரும்.

கேள்வியை எழுதுவது ஒரு கைத்தொழில். 150 வார்த்தைக்குள் அடங்க வேண்டும், ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளதாக இருக்க வேண்டும், அபிப்பிராயம் கேட்கக் கூடாது. நகரங்களில் நிரந்தரத் தலைவலி ரயில்வே மேம்பாலம். தண்டவாளத்துக்கு மேலே வருகிற பகுதியை ரயில்வே கட்டும், இருபக்க அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும், நிலம் எடுத்துத் தருவதும் மாநிலம். அதனால்தான் தண்டவாளத்துக்கு மேலே ஒரு துண்டு பாலம் மட்டும் வருடக்கணக்கில் அந்தரத்தில் நிற்கிறது. 'எங்கள் ஊர்ப் பாலம் எப்போது முடியும்?' என்று கேட்டால் ரயில்வே அமைச்சகம் தயாராக வைத்திருக்கும் பத்தி ஒன்று பதிலாக வரும்: பணி நிறைவு என்பது மாநில அரசு நிலம் எடுத்துத் தருவது, வனத்துறை அனுமதி, குறுக்கிடும் குழாய்களையும் கம்பிகளையும் இடம் மாற்றுவது எனப் பலவற்றைப் பொறுத்தது. படித்துப் படித்து எனக்கு அது பாடமே ஆகிவிட்டது.

அதையே இப்படிக் கேளுங்கள். (அ) இன்ன எண்ணுள்ள லெவல் கிராசிங்குக்குப் பதிலான மேம்பாலம் எந்த ஆண்டு அனுமதிக்கப்பட்டது, மதிப்பீடு எவ்வளவு. (ஆ) ரயில்வே பகுதிக்கு ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும். (இ) பொது அமைப்பு வரைபடத்தை மாநில அரசுக்கு அனுப்பிய தேதி, ஒப்புதல் வந்த தேதி. (ஈ) ரயில்வே தரப்பில் இன்னும் பாக்கி என்ன. இதற்குத் தேதியும் தொகையும் இல்லாமல் பதில் எழுத முடியாது. கேட்பதற்கு முன்னால் பட்ஜெட்டுக்குப் பிறகு வருகிற ரயில்வேயின் பிங்க் புக்கில் அந்தப் பாலத்துக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். ஆயிரம் ரூபாய் என்று போட்டிருந்தால் திட்டத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பதிலில் 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அது வாக்குறுதிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அரசு உறுதிமொழிக் குழு கேட்கும். டைரியில் குறித்துக்கொண்டு நீங்களும் விரட்டுங்கள்.

15 நாள் காத்திருக்க முடியாத விஷயத்துக்குப் பூஜ்ய நேரம், அதாவது அவசரப் பிரச்சினைகளை அவையில் எழுப்பக் கிடைக்கும் நேரம். அன்று பேசக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிஷம், அதற்குமேல் மைக் அணைந்துவிடும். எனவே ஒரே பக்கம், பெரிய எழுத்து, முதல் வரியிலேயே கோரிக்கை. தொகுதியின் பழம்பெருமையில் ஆரம்பித்தால் கோரிக்கைக்கு வருவதற்குள் நேரம் போய்விடும். தமிழில் பேசுவதென்றால் முன்கூட்டியே அவைச் செயலகத்தின் டேபிள் ஆபீஸில் சொல்லிவிட்டு, உரையின் பிரதியை மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கொடுங்கள். எண்களையும் ஊர்ப் பெயர்களையும் அவர்கள் காதால் மட்டும் பிடிப்பது கஷ்டம். பூஜ்ய நேரத்தில் வாய்ப்பு விழவில்லையா, விதி 377 இருக்கிறது: 250 வார்த்தைக்குள் எழுத்து வடிவம், பின்னால் அமைச்சரிடமிருந்து கடிதமாகப் பதில் வரும். அந்தக் கடிதத்தை ஊரில் காட்டலாம். தனிநபர் மசோதாவுக்கு, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கு, ஆசைப்படும் எம்.பி.யும் கிடைப்பார். தாராளமாகக் கொண்டுவரட்டும், விவாதத்தைக் கிளப்ப அது நல்ல வழி. சட்டமாகும் என்று மட்டும் போஸ்டர் அடிக்க வேண்டாம்: கடைசியாக ஒரு தனிநபர் மசோதா சட்டமானது 1970-ல்.

அமைச்சகத்துக்கு நேரில் போகிற நாளில் ஒரு சங்கடம். பழைய பவன்களிலிருந்து அமைச்சகங்கள் புதிய கர்தவ்யா பவன் கட்டடங்களுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அறை எண்ணைப் போனில் உறுதி செய்யாமல் எம்.பி.யைக் கூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். டெல்லி மே மாத வெயிலில் தப்பான கட்டடத்து வாசலில் நின்றால் அன்று முழுக்க யாருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாது.

நான்காவது: நிதி

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். 1993-ல் தொடங்கியது, 2011-12 முதல் இந்தத் தொகை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் ஆளுக்கு 83 லட்சம் சொச்சம். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. ஒருவருக்கே தொகுதி நிதி 3 கோடி. ஆகவே தெருவுக்குத் தெரு கான்கிரீட் போடுவதில் எம்.எல்.ஏ.வோடு போட்டி போடுவது வீண். பள்ளி வகுப்பறை, அங்கன்வாடி, நூலகம் போல நின்று பேசுகிற வேலைகளாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எம்.பி. பரிந்துரைக்க மட்டும்தான் முடியும். அனுமதிப்பதும் செலவழிப்பதும் மாவட்ட நிர்வாகம். வழிபாட்டுத் தலங்களுக்கும் தனியார் சொத்துக்கும் செலவிட முடியாது. 15 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளுக்கும் போக வேண்டும். நகரத்தில் பணத்தைவிட இடம்தான் பிரச்சினை. காலி இடம் மாநகராட்சியுடையதா, வருவாய்த் துறையுடையதா, பூங்காவுக்கென்று லே அவுட்டில் ஒதுக்கியதா என்று பார்த்து, தடையின்மைக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு பரிந்துரை கொடுங்கள். அடிக்கல் நாட்டிவிட்டு இடத் தகராறில் நின்றுபோன வேலை அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சி நோட்டீஸில் படத்தோடு வரும்.

பணத்தைவிட வலுவான ஆயுதம் திஷா குழு. ஒன்றிய அரசுத் திட்டங்களை மாவட்ட அளவில் கண்காணிக்கும் குழு இது. மாவட்டத்தின் மூத்த மக்களவை உறுப்பினர் தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கூடுவதில்லை என்றால் ஆட்சியருக்குத் தேதி கேட்டு எழுத வேண்டியது உங்கள் வேலை. போன கூட்டத்தில் சொன்னது என்ன, செய்தது என்ன என்ற குறிப்பை எம்.பி. கையில் கொடுக்காமல் கூட்டத்துக்கு அனுப்பினால், அதிகாரிகள் பவர்பாயிண்ட் காட்டி, டீ குடித்து முடித்துவிடுவார்கள்.

ஐந்தாவது: போகிற வருகிற நாள்கள்

கூட்டத்தொடர் நடக்கையில் வெள்ளி மாலை விமானம், திங்கள் காலை திரும்பல் என்பது எழுதாத அட்டவணை. சனி, ஞாயிறு இரண்டு நாளில் கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, கட்சிக் கூட்டம், குடியிருப்போர் சங்கம் எல்லாம் அடங்க வேண்டும். கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனால் மன்னிப்பார்கள், துக்க வீட்டுக்குப் போகாததை மறக்க மாட்டார்கள். பயணத் திட்டத்தை அதற்கேற்ப வையுங்கள். தொழில் அமைப்புகளுக்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தனியாக வைத்தால், ஜி.எஸ்.டி. பற்றியும் சிறு பட்டறைகளின் ஜாப் ஒர்க் பற்றியும் பேப்பரில் வராத விவரம் கிடைக்கும். கோவை போன்ற ஊரில் நிதி மசோதா விவாதத்துக்கு வேண்டிய பாதிச் சரக்கு அங்கேதான்.

கூட்டத்தொடர் முடிந்த வாரம் ஊருக்கு வந்ததும் தூங்கிவிடாதீர்கள். வந்த பதில்களை எடுத்து, எந்த மனுவிலிருந்து அந்தக் கேள்வி பிறந்ததோ அந்த மனுதாரருக்கு ஒரு பிரதியும் எளிய தமிழில் நான்கு வரி விளக்கமும் அனுப்புங்கள். மேம்பாலப் பதிலை நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கும் அந்தப் பகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள், எம்.எல்.ஏ. எதிர்க்கட்சியாக இருந்தாலும். ரயில்வே தன் பங்கை முடித்துவிட்டது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், நிலம் எடுப்பது எங்கே நிற்கிறது என்பது அடுத்த திஷா கூட்டத்தின் முதல் பொருள். ரயில்வேதான் பாக்கி என்றால், அதே பதிலின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு அடுத்த கேள்வியை இப்போதே எழுதி வையுங்கள். அறிவிப்பு கொடுக்கும் தேதி வந்ததும் எம்.பி. அதை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.